பன்னிரண்டு தாள்

முதல் தலைப்பு மூன்று வரி நீளம்.
புலம்பெயர்ந்தோர், நுகர்வோர் நடத்தை,
நம்பகத்தன்மையின் கட்டமைப்பு,
எல்லாவற்றையும் அதற்குள் திணித்திருந்தேன்.
பேராசிரியர் ஹால்வர்சன் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.
யாரிடம்? எங்கே? எத்தனை பேரிடம்?
அவ்வளவுதான் கேட்டார்.
எக்ளின்டன் பேருந்தில் நின்றபடியே வீடு வந்தேன்.

மார்க்கம் வீதி, எட்டாம் மாடி.
குசினிச் சுவரில் வீட்டு முகவர் குகநேசன் சிரிக்கிறார்.
நீலக் கோட்டு, கட்டிய கைகள்,
கீழே தொலைபேசி எண்,
அதற்கும் கீழே இராகுகாலம்.
அரிசி மூட்டையோடு இனாமாக வந்தவர்.
எங்களிடம் வீடு வாங்கக் காசில்லை என்பது தெரியாமல்
பத்து மாதமாய்ச் சிரிக்கிறார்.

சரி, இவரையே பிடிப்போம் என்று
உட்கார்ந்தேன்.
ஸ்காபரோத் தமிழ் வீடுகளில் விளம்பர நாட்காட்டி.
ஒரு நாளில் எத்தனை முறை அந்த முகத்தைப் பார்க்கிறீர்கள்?
ஒன்று முதல் ஐந்து வரை, எவ்வளவு நம்புகிறீர்கள்?

ஆய்வு இடைவெளி எங்கே? என்று
ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.
நாற்பத்தொரு கட்டுரை வாசித்தேன்.
குளிர்சாதனப் பெட்டிக் காந்தம் பற்றி இருந்தது.
பேருந்துத் தரிப்பிட வாங்கில் ஒட்டிய முகம் பற்றி,
அதில் யாரோ மீசை வரைவது பற்றிக்கூட இருந்தது.
நாட்காட்டி பற்றி ஒரு வரி இல்லை.
துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன்.
யாரும் எழுதாததற்கு
யாருக்கும் தேவைப்படாததும் காரணமாகலாம்
என்றார், தேநீர்ப் பையைப் பிழிந்தபடி.

கெடு நவம்பர் முப்பது.
பன்னிரண்டு பக்கத்துக்கு மேல் போனால் வாசிக்க மாட்டார்கள்.
செலவுத் திட்டம் எழுதினேன்:
பேசுபவர் ஒவ்வொருவருக்கும் பத்து டாலர் கோப்பி அட்டை.
கால அட்டவணை எழுதினேன்:
வீடு வீடாக ஏறி இறங்கும் வேலையை
எந்தப் புத்தியில் ஜனவரியில் வைத்தேனோ.

முன்னோட்ட நேர்காணலுக்கு
ஐந்தாம் மாடிச் சுபாங்கினி கதவு திறந்தாள்.
முதியோர் இல்லத்து இரவு வேலை முடிந்த கண்கள்.
அவள் சுவரிலும் அதே நீலக் கோட்டு.

இவர் யார் தெரியுமா?
யார்... ஓ, இவரா.
இவருடைய லைசன்ஸ் ஆகஸ்டிலேயே போய்விட்டதே.
பிறகு ஏன் கழற்றவில்லை?
கேள்வி விளங்காதவள் போல என்னைப் பார்த்தாள்.
பத்தாம் திகதி மகனுக்கு ஊசி. அதிலதானே எழுதியிருக்கு.

அப்போதுதான் கிட்டப் போனேன்.
11–7. 11–7. வாடகை. பல்.
11–7. மச்சாள் பிளைட். கரண்ட் பில்.
இருபத்தி இரண்டாம் திகதியைச் சுற்றிச்
சிவப்பில் ஒரு வட்டம்,
உள்ளே ஒரு சொல்லும் இல்லை.
அதைக் கேட்க என் படிவத்தில் கேள்வி இல்லை.
கேட்காமலே
கோப்பி அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவு ஏழு பக்கத்தை அழித்தேன்.
ஒன்று முதல் ஐந்து வரை போயிற்று.
நம்பகத்தன்மை போயிற்று. நாற்பத்தொன்றில் முப்பது போயிற்று.
மிஞ்சியது ஒரு கேள்வி:
ஒரு விளம்பரத்தின் மேல்
மனிதர்கள் என்ன எழுதிக்கொள்கிறார்கள்?

பேராசிரியரின் பதில் விடிவதற்குள் வந்தது.
இதைச் செய்யலாம்.
ஆனால் பதின்மூன்று பக்கம் வந்திருக்கிறது, ஒன்றைக் குறையுங்கள்.
ஆய்வாளரின் நிலைப்பாடு என்ற பகுதியை எடுத்தேன்.
இந்த நாட்காட்டிகளுடன் எனக்கு
தனிப்பட்ட தொடர்பு ஏதுமில்லை என்று
ஒரு பக்கம் முழுக்க நீட்டியிருந்தேன்.
வெட்டினேன். பன்னிரண்டு.

அனுப்பியாயிற்று என்று குறித்துவைக்கப்
பேனாவோடு குசினிக்குப் போனேன்.
குகநேசனுக்குக் கீழே, நவம்பர் முப்பதின் கட்டத்தில்,
வழவழப்புத் தாளில் மை பிடிக்காமல்
மூன்று முறை அழுத்தி எழுதிய
என் கையெழுத்தில்
ஏற்கெனவே இருந்தது:

பால்.